ஹெச்பி 200எல்எக்ஸ் பாக்கெட் ரேடியோவுக்கு ஆகுமா?

கேள்வி இதுதான்: ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் புதிதாக வாங்கிய ஒருவரிடம் மாமா கொடுத்த ஹெச்பி 200எல்எக்ஸ் கையடக்கக் கணினி இருக்கிறது. பழைய கேன்ட்ரானிக்ஸ் கேபிசி-3 டிஎன்சி (கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவே இருக்கும் பெட்டி) ஒன்றும் கைக்கு வந்திருக்கிறது. இரண்டு மீட்டர் ஹேண்டியோடு (கையடக்க ரேடியோ) இவற்றைச் சேர்த்து, லேப்டாப் இல்லாமல் பாக்கெட் ரேடியோ (எழுத்தைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி ரேடியோவில் அனுப்பும் முறை) இயக்க முடியுமா, இல்லை கைப்பேசியே போதுமா என்று கேட்கிறார்.

முடியும், நன்றாகவே முடியும். அந்தச் சின்னக் கணினி இந்த வேலைக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது. உங்களைப் படுத்தப் போவது கணினி அல்ல, கேபிள். என்னையும் இரண்டு நாள் சாயங்காலம் தலையில் கைவைத்து உட்கார வைத்தது அதுதான். அதனால் கேபிளை நீட்டிச் சொல்கிறேன், மற்றதைச் சுருக்கிவிடுகிறேன்.

முதலில் யாருக்கு என்ன வேலை என்று பார்த்துவிடுவோம். டிஎன்சி வெறும் மோடம் இல்லை, அதற்குள் தனி நுண்செயலி இருக்கிறது. அமெரிக்காவின் டூசான் நகரத்து ஹாம்கள் தொடங்கிய டேப்பர் அமைப்பு 1985இல் கொண்டுவந்த டிஎன்சி-2இல் இருந்தது ஒரு இசட்80. நீங்கள் ஒரு வரி தட்டி என்டர் அழுத்துகிறீர்கள். டிஎன்சி அந்த வரிக்கு முன்னால் பெறுபவர் அழைப்புக்குறியையும் உங்கள் அழைப்புக்குறியையும் ஒட்டும், பின்னால் 16 பிட் சரிபார்ப்பு எண்ணைச் சேர்க்கும். தொடர்ந்து ஐந்து 1 வந்தால் அடுத்து ஒரு 0 செருகும். அலைவரிசை காலியா என்று கேட்டுப் பார்த்து, பிடிடியை (ரேடியோவை அனுப்பவைக்கும் பொத்தான்) அழுத்தி, 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக மாற்றி அனுப்பும். எதிர்முனையிலிருந்து ‘கிடைத்தது’ என்று பதில் வராவிட்டால் தானே மறுபடி அனுப்பும். பாக்கெட் ரேடியோவின் ஏஎக்ஸ்.25 நெறிமுறை முழுவதும் அந்தப் பெட்டிக்குள் முடிந்துவிடுகிறது. கணினிக்கு மிச்சம் இருப்பது எழுத்தை வெளியே தள்ளுவதும் வந்த எழுத்தைத் திரையில் காட்டுவதும்தான். கடிதம் எழுதுகிறவருக்கு மெயில் ரயிலை ஓட்டத் தெரிய வேண்டுமா என்ன?

வேகம் போதுமா என்ற பயமும் வேண்டாம். 128 எழுத்து உள்ள ஒரு பாக்கெட் முகவரித் தலைப்போடு சேர்த்து 1200 பாட் வேகத்தில் போக ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். பிடிடி அழுத்தியபின் டிஎன்சி காத்திருக்கும் நேரம் 0.3 நொடி, எதிர்முனையின் பதிலுக்கு இன்னொரு அரை நொடி. கூட்டமே இல்லாத அலைவரிசையிலும் 128 எழுத்துக்கு இரண்டு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேகத்துக்கு எந்தக் கணினியும் திணறாது.

1983இல் வந்த டான்டி மாடல் 100 திணறவில்லை. எட்டு வரி, வரிக்கு 40 எழுத்து கொண்ட திரை, நான்கு ஏஏ பேட்டரி, முதுகில் 25 பின் சீரியல் போர்ட், உள்ளேயே டெல்காம் என்ற டெர்மினல் மென்பொருள். பத்திரிகை நிருபர்கள் தூக்கிக்கொண்டு அலைந்த கருவி அது. பாக்கெட் ஹாம்களும் விட்டுவைக்கவில்லை. டெல்காமில் ‘ஸ்டாட் 58என்1இ’ என்று தட்டினால் 1200 பாட், 8 பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்று எல்லாம் ஒரே வரியில் முடிந்துவிடும். தொல்லை திரை அகலத்தில்தான். பாக்கெட் அஞ்சல்பெட்டி நிலையங்கள் 80 எழுத்து வரியாகச் செய்திப் பட்டியலை அனுப்பும். அது 40இல் மடிந்தால் எந்த எண் எந்தச் செய்திக்கு என்றே புரியாது. 1991இல் வந்த ஹெச்பி 95எல்எக்ஸுக்கும் வரிக்கு 40 எழுத்துதான். 1996இல் வந்த பாம் பைலட்டிலும் டெர்மினல் மென்பொருள் ஓடும், ஆனால் விசைப்பலகை கிடையாது. டிஎன்சியைக் கட்டளை நிலைக்குத் திருப்பும் ஒரு கண்ட்ரோல்-சி அடிக்கக் குச்சியால் கோலம் போட வேண்டும். பாம், ஏபிஆர்எஸ் (நிலையங்களின் இருப்பிடத்தைப் பாக்கெட்டில் அனுப்பும் முறை) வரைபடம் பார்க்கச் சரி, தட்டிப் பேச ஆகாது.

உங்கள் 200எல்எக்ஸ் 1994இல் வந்தது. வரிக்கு 80 எழுத்து, 25 வரி. 80186 வகைச் செயலி, ரோமிலேயே எம்எஸ்-டாஸ் 5, கண்ட்ரோல் விசையோடு முழு விசைப்பலகை, இரண்டு ஏஏ பேட்டரி. டேட்டாகாம் என்ற டெர்மினல் மென்பொருள் உள்ளேயே இருக்கிறது, எதையும் ஏற்ற வேண்டியதில்லை. வெகுநாள் டிராயரில் கிடந்த கருவி என்பதால் பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா, கீல் பக்கத்தில் பிளாஸ்டிக் விரிசல் விட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே இருக்கும் சிஆர்2032 காப்புப் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஏஏ பேட்டரிகள் இடத்திலேயே இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் நினைவகத்தில் மாமா வைத்திருந்ததெல்லாம் போய்விடும். கழற்றுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, கேபிள்.

200எல்எக்ஸின் பக்கவாட்டில் இருப்பது ஹெச்பியின் தனி வகை 10 பின் போர்ட். அதற்கென்றே ஒரு கேபிள் உண்டு, மறுமுனையில் 9 துளை கொண்ட பெண் இணைப்பி. இந்தக் கேபிள் மேசைக் கணினியோடு பேசுவதற்காகச் செய்தது. மேசைக் கணினி அனுப்பும் கம்பியில் இது கேட்கும், அது கேட்கும் கம்பியில் இது அனுப்பும். அந்த மாற்றம் கேபிளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. டிஎன்சியும் மேசைக் கணினியோடு பேசுவதற்காகவே செய்த பெட்டி. இரண்டு பேரும் மேசைக் கணினியை எதிர்பார்த்து வந்தவர்கள். இவர்களை நேராகச் சேர்த்தால் இருவரும் ஒரே கம்பியில் பேசுவார்கள், இன்னொரு கம்பியில் இருவரும் காதை வைத்துக் காத்திருப்பார்கள். திரை கருப்பாகவே இருக்கும். டிஎன்சி செத்துவிட்டது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து, ஒரு நல்ல டிஎன்சியைத் திறந்து சர்க்யூட் போர்டை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தீர்வு நடுவில் ஒரு ‘நல் மோடம்’ (null modem) அடாப்டர், அனுப்பும் கம்பியையும் கேட்கும் கம்பியையும் இடம் மாற்றிவிடும். கேபிசி-3இன் கணினிப் பக்க இணைப்பி 25 துளை கொண்ட பெண். ஆகவே வரிசை இப்படி வரும்: ஹெச்பி கேபிள், அதில் 9 பின் ஆண்-ஆண் நல் மோடம் அடாப்டர், பிறகு ஒரு முனை 9 பெண்ணும் மறுமுனை 25 ஆணும் உள்ள சாதாரண மோடம் கேபிள், அதன் பிறகு டிஎன்சி. வால் நீளமாகத் தொங்கும், பார்க்க அழகாக இராது. வேலை ஓடிய பிறகு வேண்டுமானால் ஒரே கேபிளாகச் சாலிடர் செய்துகொள்ளுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

எது எந்தக் கம்பியில் பேசுகிறது என்பதை மல்டிமீட்டரே சொல்லிவிடும். 9 பின் இணைப்பியில் 5, 25 பின் இணைப்பியில் 7 தரைக் கம்பி. கருப்பு முனையை அதில் வைத்து, சிவப்பை 2ஆம் பின்னிலும் 3ஆம் பின்னிலும் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும் ஆர்எஸ்-232 (சீரியல்) போர்ட் அனுப்பும் கம்பியில் எதிர்மறை வோல்ட்டைக் காட்டும். கேட்கும் கம்பியில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஹெச்பி கேபிளின் முனையில் 2ஆம் பின்னும், கேபிசி-3இன் முனையில் 3ஆம் பின்னும் எதிர்மறை காட்டும் என்பது என் கணக்கு. 9 பின்னின் 2, மோடம் கேபிளில் 25 பின்னின் 3க்குத்தான் போகிறது. மோதல் அங்கேதான். ஒரு எச்சரிக்கை: 200எல்எக்ஸ் பேட்டரியை மிச்சப்படுத்த, தேவையில்லாத நேரத்தில் சீரியல் போர்ட்டை அணைத்து வைத்திருக்கும். டேட்டாகாமைத் திறந்து இணைப்பைத் தொடங்கிய பிறகுதான் அளக்க வேண்டும். அதன் அமைப்பில் இன்டர்ஃபேஸ் என்ற இடம் காம்1 என்று இருக்கட்டும். இன்ஃப்ராரெட் என்று இருந்தால் மின்சாரம் எல்லாம் காற்றோடு போகும், கேபிளில் ஒன்றும் வராது.

இன்னொன்று. ஆர்டுயினோவுக்கு விற்கும் மலிவான சீரியல் தகடுகளை இந்த இடத்தில் நுழைக்காதீர்கள். அவை 5 அல்லது 3.3 வோல்ட் லாஜிக். ஆர்எஸ்-232இன் எதிர்மறை வோல்ட் பட்டால் தாங்காது.

கேபிள் சரியானதும் டேட்டாகாமில் 9600 பாட், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வையுங்கள். காற்றில் 1200தானே, இங்கே ஏன் 9600 என்று எல்லாரும் ஒருமுறை கேட்பார்கள். கணினிக்கும் டிஎன்சிக்கும் நடுவே உள்ள வேகம் வேறு, ரேடியோவில் போகும் வேகம் வேறு, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. புதிதாகவோ ரீசெட் ஆகியோ இருக்கும் கேபிசி-3 மின்சாரம் கொடுத்ததும் ஒவ்வொரு பாட் வேகமாக மாற்றி மாற்றி ஒரே வாக்கியத்தை அனுப்பும். திரையில் முதலில் குப்பை எழுத்துகள் ஓடும், திடீரென்று நட்சத்திரக் குறியை அழுத்தச் சொல்லும் ஆங்கில வரி தெளிவாகத் தெரியும். அந்த நொடியில் நட்சத்திரத்தை அழுத்த வேண்டும். அடுத்து அழைப்புக்குறி கேட்கும், கொடுங்கள். பிறகு சிஎம்டி என்ற மூன்றெழுத்தும் முக்காற்புள்ளியும் வந்து நிற்கும், கட்டளைக்குத் தயார் என்று அர்த்தம். அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், பிறகு தூரத்து நிலையங்களைப் பிடித்தபோதுகூட வரவில்லை.

பழைய சொந்தக்காரர் டிஎன்சியைக் கிஸ் முறையில் விட்டுவிட்டுப் போயிருக்கவும் கூடும். கிஸ் என்பது ஃபில் கார்னும் மைக் செப்போனிஸும் வகுத்த எளிய முறை. அதில் டிஎன்சி ஏஎக்ஸ்.25 வேலையை விட்டுவிட்டு வெறும் மோடமாகிவிடும், பாக்கெட் கட்டுவதெல்லாம் கணினியின் பொறுப்பு. உங்கள் கட்டளை எதற்கும் பதில் சொல்லாது. 192, 255, 192 என்ற மூன்று பைட்டுகளை அனுப்பினால் பழைய நிலைக்குத் திரும்பும். விசைப்பலகையில் தட்டக் கஷ்டப்படாமல் மூன்று பைட் கோப்பு ஒன்றை மேசைக் கணினியில் செய்துவைத்து அனுப்புங்கள்.

திரையில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரிந்தால் டிஎன்சியில் எக்கோவை அணையுங்கள். வரிக்கு வரி ஒரு வெற்று வரி விழுந்தால் ஆட்டோஎல்எஃபை அணையுங்கள். எல்லாம் ஒரே வரிமேல் விழுந்தால் அதையே போடுங்கள்.

ஹேண்டி பக்கத்தில் மூன்று விஷயம். பிடிடி அழுத்துவது கருவிக்குக் கருவி மாறும். சிலவற்றில் மைக் கம்பியின் வழியாகவே ஒரு மின்தடையைத் தரைக்குச் சேர்த்து அழுத்த வேண்டும், சிலவற்றில் தனிக் கம்பி. டிஎன்சி கையேட்டின் படத்தை உங்கள் ஹேண்டி கையேட்டோடு ஒப்பிட்டுவிட்டுச் சாலிடர் செய்யுங்கள். அடுத்தது டிஎன்சியின் டிஎக்ஸ்டிலே, பிடிடி அழுத்தியபின் காத்திருக்கும் நேரம். 30 என்று வைத்தால் 300 மில்லிநொடி, பத்துப் பத்தாகக் கணக்கு. ஹேண்டி அனுப்பத் தயாராகும் முன்பே டிஎன்சி ஓலம் இட ஆரம்பித்தால் பாக்கெட்டின் தலை வெட்டுப்படும், எதிர்முனைக்குக் கேட்கும் ஆனால் புரியாது. 40 அல்லது 50இல் தொடங்கி மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை: ஹேண்டியின் பேட்டரி சேமிப்பு வசதியையும், இரண்டு அலைவரிசையை மாறி மாறிக் கேட்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். சேமிப்பில் இருக்கும் ஹேண்டி அவ்வப்போது கண்ணயர்ந்து விழிக்கும். மனிதக் குரல் என்றால் முதல் எழுத்து போனாலும் புரிந்துகொள்வோம். பாக்கெட்டில் ஒரு பிட் போனால் முழு பாக்கெட்டும் குப்பைக்குத்தான்.

ஒலி அளவை வைக்கத் தெரிந்த ஒருவரின் ரேடியோவில் உங்கள் பாக்கெட்டைக் கேட்கச் சொல்லுங்கள். சத்தம் கூடக் கூட நன்றாகப் போகும் என்று நினைப்பது தப்பு, கூடினால் நெளியும். ஆன்டெனாவைக் கணினிக்கு மேலேயே நிறுத்தாதீர்கள். ஐந்து வாட்டை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குப் பக்கத்தில் கொட்டினால் விசைப்பலகை உறைந்து போகும், சில சமயம் யாரும் தொடாமலே எழுத்து ஓடும். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து, சீரியல் கேபிளில் ஒரு ஃபெரைட் மணியைக் கவ்வவிட்டால் அடங்கிவிடும்.

இனி யாரோடு பேசுவது? முதலில் கேளுங்கள். டிஎன்சியின் மானிட்டர் கட்டளையைப் போட்டுவிட்டுச் சிறிது நேரம் கழித்து எம்ஹெர்ட் என்று தட்டினால் கேட்ட நிலையங்களின் பட்டியல் வரும். பட்டியல் காலியாக இருந்தால் மனம் தளர வேண்டாம், 145.825 மெகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ள ஹாம் கருவி பாக்கெட் முறையில் இருக்கும் நாட்களில் அங்கே வரும் பாக்கெட்டுகளைத் திருப்பி ஒலிபரப்புகிறது. சில நாட்களில் குரலைத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டராக மாற்றிவிடுவார்கள், எந்த முறையில் இருக்கிறது என்று முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பூமிக்கு 400 கிலோமீட்டர் உயரம். தலைக்கு மேலே போகும்போது அடிவானத்துக்கு அடிவானம் பத்துப் பதினோரு நிமிடம்தான் நீடிக்கும். வேகத்தால் அலைவரிசை 3.5 கிலோஹெர்ட்ஸ் வரை மேலும் கீழும் நகரும், எஃப்எம் அதைச் சமாளித்துக்கொள்ளும். மொட்டை மாடிக்கு 200எல்எக்ஸ் வசதியாக இருப்பது இங்கேதான்: உள்ளங்கையில் கணினி, இடுப்பில் டிஎன்சி, மறு கையில் சின்ன யாகி ஆன்டெனா.

டிஎன்சியில் ‘அன்புரோட்டோ சிக்யூ வையா ஏரிஸ்’ என்று வைத்து (யாரோடும் இணையாமல் பொதுவாக அனுப்பும் முகவரி), தட்டியதை அப்படியே காற்றில் அனுப்பும் கன்வர்ஸ் முறைக்குப் போய், ஒரு வரி தட்டி என்டர் அழுத்துங்கள். ஏரிஸ் என்பது நிலையத்தின் பொது வழிப்பெயர். உங்கள் வரி அழைப்புக்குறிக்குப் பின்னால் நட்சத்திரம் போட்ட ஆர்எஸ்0ஐஎஸ்எஸ் என்பதோடு திரும்பி வந்தால் மேலே போய்க் கீழே வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு முறை கடக்கும்போது இரண்டு மூன்று தடவைக்கு மேல் அனுப்பாதீர்கள். மேலே இருக்கும் ஒரே காதுக்குள் பாதிக் கண்டமே கத்திக்கொண்டிருக்கும். முடிந்ததும் கண்ட்ரோல்-சி, மறுபடி சிஎம்டி. டேட்டாகாமின் கேப்சர் வசதியைப் போட்டுவைத்தால் வந்த அத்தனையும் கோப்பாகச் சேர்ந்துவிடும்.

கைப்பேசி? ஏபிஆர்எஸ் வரைபடம்தான் வேண்டும் என்றால் கைப்பேசியும் புளூடூத் கிஸ் டிஎன்சியும் போதும், அதில் 200எல்எக்ஸ் போட்டி போட முடியாது. பாப் புருனிங்கா உருவாக்கிய ஏபிஆர்எஸ், வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கும்போதுதான் சுவை. ஆனால் உங்களிடம் இருப்பது சீரியல் கேபிசி-3. அதைக் கைப்பேசியோடு இணைக்க ஓடிஜி கம்பி வேண்டும், யூஎஸ்பி-சீரியல் மாற்றி வேண்டும், அதை மதிக்கும் ஒரு ஆப் வேண்டும். விண்வெளி நிலையம் உச்சியில் இருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் திரை அணைந்து பூட்டிக்கொள்ளும். இரண்டும் என்னிடம் இருந்தால் மாடிக்கு நான் எடுத்துப் போவது 200எல்எக்ஸைத்தான். சீரியல் போர்ட் திறந்திருக்கும் வரை அது பேட்டரியைக் கொஞ்சம் வேகமாகவே குடிக்கும், கையில் இரண்டு ஏஏ கூடுதலாக இருக்கட்டும். வீட்டில் இருக்கும்போது கணினியை மூடிவைத்தாலும் கேபிசி-3இன் உள்ளேயே ஒரு சிறு அஞ்சல்பெட்டி இருக்கிறது. நண்பர்கள் விட்டுப்போகும் செய்தியை டிஎன்சியே வாங்கி வைக்கும். அதை யார் வேண்டுமானாலும் காற்றில் படிக்கலாம், ரகசியம் எழுதாதீர்கள்.

தமிழில் அனுப்பலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எனக்குத் தெரியும். பாக்கெட்டுக்கு எந்த மொழியும் வெறும் பைட்தான். பழைய டிஎன்சிகள் கன்வர்ஸ் முறையில் எட்டாவது பிட்டை வெட்டிவிடும், அதற்கு 8பிட்கான்வ் என்ற கட்டளையைப் போட வேண்டும். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘வணக்கம்’ என்பதற்கு 21 பைட், அதையே ஆங்கில எழுத்தில் தட்டினால் 8. அதைவிட, 200எல்எக்ஸின் திரைக்குத் தமிழ் எழுத்துரு தெரியாது, பெறுபவருக்குத் தமிழ் போகும், உங்களுக்குக் குப்பை தெரியும். தொண்ணூறுகளின் கருவியோடு பேசும்போது தங்கிலீஷ்தான் சரிப்படும்.

முதலில் மீட்டரை எடுங்கள். ஹெச்பி கேபிளின் முனையில் 2ஆம் பின், 3ஆம் பின், டிஎன்சியின் முனையிலும் அதே இரண்டு, ஆக நான்கு எண்கள். டேட்டாகாம் திறந்திருக்கும்போது அளந்து அனுப்புங்கள், மீதியை அங்கிருந்து பார்த்துக்கொள்வோம்.